கேட்கத் தெரிந்த வானொலியாளர்: ஸ்டட்ஸ் டெர்க்கல்

வானொலியில் பணிபுரிவோருக்கு நல்ல குரல் வேண்டும். தெளிவான உச்சரிப்பு வேண்டும். தடையின்றிப் பேசும் ஆற்றலும் வேண்டும். இவற்றையெல்லாம்விட முதன்மையான தேவை ஒன்று உண்டு. அது பிறர் பேசுவதைக் கேட்கும் செவி.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. வினவுதல் ஒன்று, செவிமடுத்தல் மற்றொன்று. திருவள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரத்தையே வகுத்து, செவிவழிப் பெறும் அறிவின் சிறப்பைப் பத்துக் குறள்களில் எடுத்துரைத்துள்ளார். இவ்விரு பொருளிலும் கேள்வியையே தம் தொழிலாகக் கொண்டு, ஒரே நகரில், ஒரே வானொலி நிலையத்தில் 45 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவரின் வரலாற்றை இம்மாதப் பாடமாகக் காண்போம். அவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரைச் சேர்ந்த ஸ்டட்ஸ் டெர்க்கல்.

கடல் கடந்த ஒரு நாட்டு வானொலியாளரின் வரலாறு நம் தோட்ட மக்களுக்கு எவ்வாறு பயன்படும் என்று சிலர் எண்ணலாம். வானொலி என்றால் தலைவர்களும் அறிஞர்களும் பேச, மற்றவர்கள் கேட்பது என்றே நாம் பழகிவிட்டோம். டெர்க்கலோ உணவகப் பணிப்பெண்ணையும், உருக்காலைத் தொழிலாளியையும், கல்லறை தோண்டுபவரையும் தேடிச் சென்று, ஒலிவாங்கியை அவர்கள் முன் வைத்தார். உழைத்து வாழ்பவரின் சொல்லுக்கும் நாட்டு வரலாற்றில் இடம் உண்டு என்பதை அவர் செயலில் காட்டினார். அதனாலேயே அவர் நமக்கும் உரியவர் ஆகிறார்.

தையற்காரர் மகன்

லூயிஸ் டெர்க்கல் என்பது அவருடைய இயற்பெயர். அவர் 1912-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து பிழைப்பு நாடிக் குடியேறிய யூதர்கள். தந்தை தையற்காரர், தாயும் தையல் வேலை அறிந்தவர். மூன்று புதல்வர்களில் லூயிஸ் இளையவர்.

அவர் சிறுவனாக இருந்தபோது குடும்பம் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவருடைய பெற்றோர் தொழிலாளர்கள் தங்கும் விடுதி ஒன்றை நடத்தினர். இரயில்வேயிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள், வேலையிழந்தவர்கள், ஊர் ஊராகச் சென்று உழைத்தவர்கள் எனப் பலதரப்பட்ட மனிதர்கள் அங்கே தங்கினர். மாலை வேளைகளில் அவர்கள் விடுதிக் கூடத்தில் அமர்ந்து வேலை, கூலி, சங்கம், அரசியல் ஆகியவற்றைப் பற்றி வாதிடுவார்கள். அண்மையில் இருந்த பூங்கா ஒன்றில் எவர் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம். இவ்விரு இடங்களிலும் சிறுவன் லூயிஸ் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிற்காலத்தில் தமக்குக் கல்வி புகட்டிய இடங்கள் என அவர் இவற்றையே நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

ஏட்டுக் கல்வியிலும் அவர் குறைந்தவர் அல்லர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1934-இல் சட்டப் பட்டம் பெற்றார். எனினும் வழக்கறிஞர் தொழிலில் அவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. அது பொருளாதார வீழ்ச்சிக் காலம். வேலையற்றவர்களுக்குப் பணி அளிக்க அமெரிக்க அரசு மேற்கொண்ட திட்டங்களுள் எழுத்தாளர்களுக்கான திட்டமும் ஒன்று. அதன் வானொலிப் பிரிவில் டெர்க்கல் சேர்ந்து எழுதத் தொடங்கினார். நாடகங்களிலும் நடித்தார். சிக்காகோவைக் களமாகக் கொண்ட ஒரு நாவலின் நாயகனான 'ஸ்டட்ஸ் லோனிகன்' என்பவனின் பெயரால் நண்பர்கள் அவரை 'ஸ்டட்ஸ்' என்று அழைக்கலாயினர். அதுவே நிலைத்தது. 1939-இல் ஐடா என்ற சமூக சேவகியை மணந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் இராணுவ விமானப் படையில் சிறிது காலம் பணியாற்றினார். செவியில் இருந்த குறைபாடு காரணமாக அங்கிருந்து விடுவிக்கப்பட்டார். செவிக் குறைபாட்டால் ஒரு பணியை இழந்தவரே பின்னாளில் செவியால் புகழ்பெற்றார் என்பது எண்ணத்தக்கது.

கையெழுத்தும் வேலையும்

1945-இல் அவர் தொடங்கிய இசை நிகழ்ச்சியில் நாட்டுப்பாடல், ஜாஸ், மேற்கத்திய செவ்விசை ஆகிய மூன்றும் ஒன்றாக இடம்பெற்றன. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் மட்டும் அறியப்பட்டிருந்த மஹேலியா ஜாக்சன் என்ற பாடகியின் குரலை வெள்ளையர் நேயர்களுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர். 1949-இல் தொலைக்காட்சியிலும் அவருக்கு ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. சிறிய உணவுக்கடை ஒன்றில் சாதாரண மக்கள் கூடிப் பேசுவதாக அமைந்த அந்நிகழ்ச்சி மக்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றது.

அவ்வேளையில் அமெரிக்காவில் ஐயமும் அச்சமும் மேலோங்கியிருந்தன. பொதுவுடைமைக் கட்சியுடன் தொடர்புடையவர் என்று சந்தேகிக்கப்பட்ட கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வேலை மறுக்கப்பட்டது. டெர்க்கல் முன்னர்ப் பல கோரிக்கை மனுக்களில் கையொப்பமிட்டிருந்தார். நிறவேற்றுமையை எதிர்த்தும், ஏழைகளின் வாக்குரிமையைப் பறிக்கும் தலைவரியை எதிர்த்தும், வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டை ஆதரித்தும் எழுதப்பட்ட மனுக்கள் அவை. பொதுவுடைமையரால் ஏமாற்றப்பட்டுக் கையொப்பமிட்டதாக ஒரு சொல் சொல்லிவிட்டால் வேலை நிலைக்கும் என்று நிறுவனத்தார் கூறினர். அறிந்தே ஒப்பமிட்டேன் என்று கூறி அவர் மறுத்துவிட்டார். நிகழ்ச்சி நின்றது. மற்ற வாய்ப்புகளும் அடைபட்டன. மனைவி, சிறுவயது மகன் என ஒரு குடும்பம் அவரை நம்பியிருந்த காலம் அது.

இக்கட்டான அந்நாள்களில் மஹேலியா ஜாக்சன் செய்த உதவி குறிப்பிடத்தக்கது. 1954-இல் பெரிய வானொலி நிறுவனம் ஒன்று அப்பாடகிக்கு நிகழ்ச்சி வழங்கியது. அதில் டெர்க்கலும் பங்கேற்பதாக இருந்தது. அவர் விசுவாச உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும் என்று நிறுவனத்தார் வற்புறுத்தினர். அவரை நீக்கினால் தாமும் பாடப்போவதில்லை என்று மஹேலியா உறுதியாகக் கூறிவிட்டார், நிறுவனம் பணிந்தது. இதனை டெர்க்கல் தம் நினைவுகளில் நெகிழ்ச்சியுடன் குறிப்பிட்டுள்ளார்.

சிறு நிலையத்தில் பெரும்பணி

1952-இல் ஒருநாள் வானொலியைத் திருப்பியபோது, உட்டி கத்ரி என்ற மக்கள் பாடகரின் இசைத்தட்டு ஒலித்தது. இத்தகைய பாடலை ஒலிபரப்பத் துணிந்த நிலையம் எது என வியந்த டெர்க்கல், உடனே தொலைபேசியில் அழைத்து வேலை கேட்டார். அது டபிள்யூ.எப்.எம்.டி. என்னும் புதிய சிறு நிலையம். கணவனும் மனைவியுமாக இருவர் 1951-இல் தொடங்கி, பணமுடையுடன் நடத்தி வந்தனர். அங்கே நுழைந்தவர் 1997 வரை அகலவில்லை. இடையே 1970-இல் அந்நிலையம், பொதுநலக் கல்வித் தொலைக்காட்சி நடத்திய சிக்காகோ அமைப்பு ஒன்றிடம் அளிக்கப்பட்டது.

வாரநாள்களில் ஒரு மணி நேரம் அவருடைய நிகழ்ச்சி ஒலித்தது. மார்ட்டின் லூதர் கிங், எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், இசைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் போன்ற பெருமக்கள் அவருடன் உரையாடினர். எழுத்தாளர் ஒருவர் வந்தால் அவருடைய நூலை முதல் பக்கம் முதல் இறுதிப் பக்கம் வரை படித்து, ஓரங்களிலெல்லாம் குறிப்பெழுதி வைத்திருப்பார் டெர்க்கல். நூலைத் திறந்து பாராமல் நூலாசிரியரைப் பேட்டி காணும் வழக்கம் அவரிடம் இல்லை.

1962-இல், அணுகுண்டு அச்சத்திற்கிடையே மனிதன் வாழ விழைவதைப் பற்றி அவர் உருவாக்கிய ஒலிச்சித்திரம் 'இத்தாலியப் பரிசு' என்னும் அனைத்துலக விருதைப் பெற்றது. ஹிரோஷிமாவில் உயிர்தப்பிய பெண்ணின் குரல் அதில் இடம்பெற்றது. 1963-இல் கறுப்பின மக்கள் தலைநகர் வாஷிங்டனில் உரிமைப் பேரணி நடத்தினர். சிக்காகோவிலிருந்து புறப்பட்ட இரயிலில் டெர்க்கலும் ஏறினார். மேடைத் தலைவர்களின் உரையைப் பதிவு செய்ய மற்றவர்கள் இருந்தனர். டெர்க்கலோ இரயில் பயணிகளிடையே நடந்து, ஏன் செல்கிறீர்கள், எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று வினவிப் பதிவு செய்தார்.

தொழிலாளர் பேசிய நூல்

இப்பழக்கம் நூல்களாகவும் வளர்ந்தது. சிக்காகோ மக்களின் வாய்மொழிகளைத் தொகுத்து 1967-இல் 'டிவிஷன் ஸ்ட்ரீட்: அமெரிக்கா' என்னும் நூலை வெளியிட்டார். 1970-இல் வந்த 'ஹார்ட் டைம்ஸ்' என்ற நூல், 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அல்லலுற்றவர்களின் வாய்மொழி. அதே வீழ்ச்சிதான் மலாயாவில் ரப்பர் விலையைச் சரித்தது. பல்லாயிரக்கணக்கான இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் வேலையிழந்து கப்பலேறி ஊர் திரும்ப நேர்ந்தது. அமெரிக்கத் தொழிலாளி பட்ட துன்பம் டெர்க்கலின் நூலில் அவர்தம் சொற்களிலேயே இருக்கிறது. அக்கப்பல்களில் ஏறிய நம்மவர்களின் சொற்களை எத்தனை பேர் எழுதி வைத்தோம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1974-இல் வெளிவந்த 'வொர்க்கிங்' என்ற நூலே அவருடைய படைப்புகளுள் தொழிலாளர்களுக்கு மிக நெருக்கமானது. நாள் முழுதும் என்ன வேலை செய்கிறீர்கள், அவ்வேலையைப் பற்றி என்ன எண்ணுகிறீர்கள் என்னும் இரண்டே வினாக்களுடன் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அணுகித் தொகுத்த நூல் அது. அவர்களுள் பலருடைய பெயர்களை மாற்றியே வெளியிட்டார்.

அதில் கல் கட்டும் கொத்தனார் ஒருவர் பேசுகிறார். தாம் எழுப்பிய சுவரில் ஒரு கல் கோணலாக அமைந்திருந்தால், எத்தனை ஆண்டுகள் சென்றாலும் அக்கல் இருக்கும் இடத்தைத் தாம் மறப்பதில்லை என்கிறார். உணவகப் பணிப்பெண் ஒருவர், மேசையில் தட்டை வைக்கும்போது சிறு ஓசையும் எழாமல் வைப்பதைத் தம் கலையாகக் கூறுகிறார். வயல்களில் காய்கறி பறித்த தொழிலாளி ஒருவர், கழிப்பிட வசதியும் இல்லாத இடங்களில் உழைத்த துயரத்தையும், பிறகு தொழிற்சங்கத்தில் இணைந்த வரலாற்றையும் கூறுகிறார்.

உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் ஆசை நெஞ்சைத் தொடுவது. வானளாவிய கட்டடம் ஒவ்வொன்றிலும் அடி முதல் முடி வரை ஒரு பட்டை அமைத்து, அதனைக் கட்டிய கொத்தர், மின்பணியாளர் அனைவரின் பெயர்களையும் பொறிக்க வேண்டும். தந்தை தன் மகனை அழைத்து வந்து, அங்கே இருப்பது என் பெயர் என்று சுட்டிக்காட்ட வேண்டும் என்கிறார் அவர். நம் தோட்டங்களில் பட்டையின் ஆழம் அறிந்து, மரத்தைக் காயப்படுத்தாமல் உளியை இழுப்பவரின் கைத்திறனும் இத்தகையதே. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் நிறுவனத்தின் பெயர் உண்டு. மரம் சீவியவரின் பெயர் இல்லை.

டெர்க்கல் தமக்கு உடன்பாடானவர்களை மட்டும் தேடிச் செல்லவில்லை. 1980-இல் வெளியிட்ட நூலில் சி. பி. எல்லிஸ் என்பவரின் வாய்மொழி உள்ளது. கறுப்பின மக்களை வெறுத்த கூ க்ளக்ஸ் கிளான் என்னும் கூட்டத்தின் உள்ளூர்த் தலைவராக இருந்தவர் அவர். 1971-இல் பள்ளிச் சிக்கல் பற்றி ஆராயும் குழுவில் ஆன் ஆட்வாட்டர் என்ற கறுப்பின மாதுடன் இணைத் தலைவராக அமர நேர்ந்தது. இருவரும் ஏழைகள், இருவர் பிள்ளைகளும் பள்ளியில் ஒரே வகையான துன்பத்தை அடைந்தனர். ஒருவர் துயரை மற்றவர் கேட்டபோது பகை கரைந்தது. எல்லிஸ் அக்கூட்டத்தை விட்டு விலகி, பின்னர்த் தொழிற்சங்கத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்காகவும் பாடுபட்டார். பல இனத்தார் அருகருகே வாழும் நம் நாட்டில் இவ்வரலாறு கருத்தூன்றிக் கற்கத்தக்கது.

அவர் கேட்ட முறை

எழுதிவைத்த வினாப் பட்டியலை ஒப்பிப்பது அவர் வழக்கம் அன்று. எதிரில் இருப்பவர் கூறும் விடையிலிருந்தே அடுத்த வினாவை எடுப்பார். எவரும் பேச்சை நிறுத்திச் சிந்தித்தால் அந்த அமைதியைக் கலைக்கமாட்டார். ஒலிப்பதிவுக் கருவியைக் கையாள்வதில் அவர் திறமைசாலி அல்லர். கருவி தகராறு செய்தால் பேட்டி கொடுப்பவரே உதவிக்கு வருவார். அதனால் அச்சம் நீங்கி, இருவரும் சமமானவர்கள் என்ற உணர்வு உண்டாயிற்று என்பார் அவர்.

ஏழைகளுக்கான அரசாங்கக் குடியிருப்பில் ஒரு தாயை அவர் பேட்டி கண்ட நிகழ்ச்சியைப் பலமுறை கூறியிருக்கிறார். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று குழந்தைகள் துள்ளிக் குதித்தனர். பதிவை அவர் ஒலிக்கச் செய்தார். தம் குரலை முதன்முதலாகக் கேட்ட அத்தாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தமக்குள் இத்தகைய எண்ணங்கள் இருந்தன என்பதையே தாம் இதுவரை அறியவில்லை என்றாராம். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைக்கும்போதுதான் மனிதர் தம் நெஞ்சைத் தாமே அறிகின்றனர் என்பதற்கு இது சான்று.

போர்க்கால நினைவுகளைத் தொகுத்து 1984-இல் வெளியிட்ட 'த குட் வார்' என்ற நூலுக்கு 1985-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. முதுமையில் செவிப்புலன் மிகவும் மங்கியும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. 1999-இல் மனைவியை இழந்தார். 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், 96-ஆம் வயதில் சிக்காகோவில் காலமானார். அவர் விட்டுச்சென்ற 5,600க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் பாதுகாக்கப்பட்டு, அவற்றை அனைவரும் கேட்பதற்கான காப்பகம் 2018-இல் தொடங்கப்பட்டது.

நம் இல்லங்களில் உள்ள வரலாறு

நம் நாட்டில் ரேடியோ மலாயா 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பட்டது. அவசரகாலத்தின்போது தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலர் கூடிக் கேட்பதற்காகப் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றின் முன் அமர்ந்து செய்தி கேட்ட தலைமுறையினரிடம் சொல்லுவதற்கும் செய்திகள் இருந்தன. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண இரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் பலர், திரும்பாதோரும் பலர். திரும்பியவர்கள் கூறியவற்றைப் பிள்ளைகளாக இருந்து கேட்டவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கின்றனர். சிங்கப்பூரில் 1979-இலேயே வாய்மொழி வரலாற்றுப் பிரிவு அமைக்கப்பட்டு முதியோரின் நினைவுகள் பதிவு செய்யப்பட்டன. அப்பணியை நம் வீட்டளவில் நாமும் செய்யலாம். முறை வருமாறு:

1. வேலை முடிந்து ஓய்ந்த நேரத்தில், பெரியவரின் வீட்டிலேயே அமருங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைக் கூறி, அவருடைய இசைவைப் பெறுங்கள். கைப்பேசியில் உள்ள ஒலிப்பதிவு வசதியே போதும்.

2. எளிய, பழகிய செய்தியிலிருந்து தொடங்குங்கள். "பாட்டி, நீங்கள் முதன்முதலில் உளி பிடித்தபோது என்ன வயது? காலைப் பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள்? அப்போது கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்டால், விடைகள் தாமே பெருகும்.

3. 'ஆம்', 'இல்லை' என்று முடியும் வினாக்களைத் தவிருங்கள். குறுக்கே பேசாதீர்கள். அவர் மௌனமானால் காத்திருங்கள்.

4. துயரமான செய்தியைக் கூற விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

5. பதிவை அவருக்கே ஒலிக்கச் செய்து காட்டுங்கள். நீக்கச் சொன்னதை நீக்குங்கள்.

6. பெயர், தோட்டம், நாள் ஆகியவற்றை எழுதி, இரண்டு படிகளாகப் பத்திரப்படுத்துங்கள். வெளியிடுவதாயின் மீண்டும் அனுமதி பெறுங்கள்.

ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, அங்கு வாழ்ந்தோரின் உழைப்பைச் சொல்ல அவர்களுடைய சொற்களே எஞ்சி நிற்கும். அச்சொற்களைக் கூறுவோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு வைப்பது இளைஞர்களின் கடமையாகும். இதற்குப் பட்டமும் பதவியும் தேவையில்லை. பொறுமையும் மரியாதையும் உடைய செவி ஒன்றே தேவை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. 'கேள்வி' என்னும் சொல்லின் இரு பொருள்களும் டெர்க்கலின் பணியில் எவ்வாறு விளங்குகின்றன?

2. வேலையை இழக்க நேர்ந்தபோதும் அவர் தம் கையொப்பத்தை மறுக்காதது ஏன்?

3. உருக்காலைத் தொழிலாளியின் ஆசையை உங்கள் வேலையுடன் ஒப்பிட்டுக் குடும்பத்தாருடன் கலந்துரையாடுக.

4. உங்கள் தோட்டத்து மூத்த தொழிலாளி ஒருவரிடம் கேட்க விரும்பும் ஐந்து வினாக்களை எழுதுக. இம்மாதத்திற்குள் அவரைச் சந்தித்து அவற்றைக் கேட்டு வருக.